இன்ஜினுக்குக் காய்ச்சல்

குன்றத்தூர் போகும் வழியில் இருக்கும் எங்கள் மரைன் கல்லூரிக்குக் கடல் கிடையாது. கொல்லையில் ஒரு சிமெண்ட் தொட்டி உண்டு. அதுதான் எங்கள் வங்காள விரிகுடா. டேங்கர் லாரி வந்து நிரப்பும். அந்தத் தண்ணீரைப் பம்ப் உறிஞ்சி, ஒர்க் ஷாப்பில் நிற்கும் பழைய கப்பல் டீசல் இன்ஜினின் சூட்டைத் தணிக்கும். பதினெட்டு வருடம் நிஜக் கப்பலில் இருந்துவிட்டு வந்த ஜெபராஜ் ஆகிய நான் அந்த இன்ஜினுக்குப் பொறுப்பாளன். அதைத் துடைத்து, ஓட்டி, பார்த்துக்கொள்பவன் தயாளன். பதினோரு வருடமாகத் தற்காலிக மெக்கானிக். இந்த வருட இன்ஸ்பெக்‌ஷன் நல்லபடியாக முடிந்தால் நிரந்தர ஆர்டர் என்று கரஸ்பாண்டென்ட் ராஜகோபால் சொல்லியிருந்தார்.

இன்ஸ்பெக்‌ஷன் ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள் வந்து வாய்த்தது. கப்பல் துறை அதிகாரிகள் பதினோரு மணிக்கு வருவதாக ஏற்பாடு. எட்டு மணிக்கு நாங்கள் ஓட்டிப் பார்த்தோம். கால் மணி நேரத்தில் சூட்டு அலாரம் அலறியது. முள் தொண்ணூறைத் தாண்டியிருந்தது.

சத்தம் கேட்டு ராஜகோபால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். கல்லூரி நிற்பது அவர் குடும்பம் நெல் போட்ட நிலத்தில். பம்புசெட் ஓட்டியவருக்கு டீசல் இன்ஜினைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம் என்பது அவர் எண்ணம்.

"தயாளன் சரியா பாக்கல. அவங்க முன்னாடி இது கத்துச்சுன்னா ஆர்டரும் இல்ல, வேலையும் இல்ல. சொல்லிட்டேன்."

நான் புத்தகத்தைத் திறந்தேன். புத்தகம் இருக்கும்போது மூளையைத் தொந்தரவு செய்வதில்லை என்பது என் வழக்கம். சூடு ஏறினால் திறந்து தண்ணீர் விடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டோம், சமர்த்தாகத் திறந்தது. சென்சாரை மாற்றினோம். பெல்ட்டை இறுக்கினோம். மறுபடி ஓட்டினோம், மறுபடி அலறியது.

தயாளன் தண்ணீர் திரும்பி விழும் குழாயருகே நின்றிருந்தான்.

"சார், தண்ணி நூலாட்டம் வுழுது. உறிஞ்சற எடத்துல இன்னாவோ அடச்சிகினு கீது. ஸ்ட்ரெய்னர கயட்டிப் பாக்கலாமா?"

"பூஜைக்கு முந்தின நாள்தானே கழுவினே? நான்தானே கையெழுத்துப் போட்டேன்?" என்றேன். நான் கையெழுத்துப் போட்ட இடத்தில் அடைப்பு வரலாமா?

அவன் ஸ்பேனரை எடுத்துக் கழற்றினான். அந்தச் சல்லடைக் கூடை நிறையச் சாமந்தி. நடுவில் குங்குமம் தடவிய அரை எலுமிச்சம்பழம், கொஞ்சம் வேப்பிலை.

மூவரும் பார்த்தோம். பூஜையன்று, "நமக்கு இதுதான் சமுத்திரம்" என்று சொல்லி, பல்லாவரத்தில் வாங்கிய ஒரு கூடைப் பூவை, எலுமிச்சம்பழம் வேப்பிலையோடு, தொட்டியில் கொட்டியவர் ராஜகோபால். பக்கத்தில் கற்பூரத் தட்டோடு நின்றவன் நான். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன்தான். சம்பளம் தருகிறவர் நீட்டும் தட்டை வாங்காமல் எப்படி?

"யார் போட்டது இதெல்லாம்?" என்று கேட்டார் ராஜகோபால், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

தயாளன் என்னைப் பார்த்தான்.

"தெரியல சார்" என்றேன்.

கூடையைக் கழுவி மாட்டினான். அதிகாரிகள் முன்னால் இன்ஜின் ஒரு மணி நேரம் எழுபத்தெட்டு டிகிரியில் சாதுவாக ஓடியது. 'பராமரிப்பு மிக நன்று' என்று எழுதிவிட்டுப் போனார்கள். பூஜை பலித்துவிட்டது என்று ராஜகோபால் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஆர்டர் வரும் என்று தயாளன் சாப்பிடக்கூடப் போகாமல் காத்திருந்தான். மூன்று மணிக்கு வந்தது மெமோ. தொட்டியை மூடாமல் விட்ட குற்றத்துக்காக வேலையிலிருந்து நிறுத்தம். பொறுப்பாளர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். போட்டேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது, ஆனால் கையெழுத்து அழகாகவே விழுந்தது.

"வரேன் சார்" என்று சொல்லிவிட்டுத் தயாளன் போனான். திட்டியிருந்தால் தேவலை.

நாலு மணி வகுப்பில் போர்டில் எழுதினேன்: 'அலாரத்துக்குக் காரணம், ஸ்ட்ரெய்னர் அடைப்பு. அடைப்புக்குக் காரணம், ஊழியரின் கவனக்குறைவு.' பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். முன்பெஞ்சு சத்யபிரியா மட்டும் பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள். பூஜைக்குக் கோலம் போட்டவள் அவள்.

"பூவக் கொட்டினது கரஸ்பாண்டென்ட் சார்தானே? நீங்களும் பக்கத்துலதானே சார் இருந்தீங்க?"

"அது பரீட்சைக்கு வராதும்மா, உக்காரு" என்றேன்.