ரிப்பன் அசையாத காட்சி

செவ்வாய்க்கிழமை ஒரு மேல்தாடைக்குப் பல் வரிசை வைத்துக்கொண்டிருந்தபோதுதான், கொலை செய்தது யார் என்பது பல்லக்காவுக்குப் பிடிபட்டது.

பல் செட் செய்து கொடுப்பது அவள் தொழில். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சின் மேல் மெழுகைப் படியவைத்து, அதில் ஒவ்வொரு பல்லாக நிறுத்த வேண்டும். பல் நகர மெழுகு இளக வேண்டும். மெழுகு இளகக் கத்தியை ஸ்பிரிட் விளக்கின் தீயில் காட்ட வேண்டும். அப்படிக் காட்டும்போது தீயின் நுனியைப் பார்த்தாள். மேல்நோக்கி எரிகிறது. ஏன்? சூடான காற்று லேசு, அதனால் மேலே போகிறது என்றுதான் எல்லோரும் பள்ளியில் படித்தோம். அது பாதி உண்மை. லேசாக இருக்கிற காரணத்துக்காகக் காற்று தானாக எங்கும் கிளம்பிவிடாது. சுற்றியுள்ள குளிர்ந்த காற்று தன் கனத்தினால் கீழே இறங்கி வந்து, அதை முட்டி மேலே தள்ளுகிறது. நெரிசலான பெஞ்சில் ஒரு பருமனான ஆள் வந்து உட்கார்ந்தால், ஒல்லியானவர் எழுந்து நிற்க நேர்கிறதல்லவா, அந்தக் கதைதான். கனம் என்பதே இல்லாத இடத்தில் யார் யாரைத் தள்ளுவது? அங்கே சூடான காற்று பிறந்த இடத்திலேயே நிற்கும். தீ உருண்டையாகச் சுருங்கி, தான் விட்ட புகைக்குள்ளேயே மூச்சு முட்டும்.

தீக்கு முட்டினால் மனிதனுக்கும் முட்டும். கையில் இருந்த கத்தி ஆறிப்போனதை அவள் கவனிக்கவில்லை.

'வெளிவட்டம்' என்ற தொடரைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பூமியை விட்டு வெகுதூரம் போய்விட்ட ஒரு கப்பல். உள்ளே எடை கிடையாது. எல்லோரும் மிதந்துகொண்டே சண்டை போடுவார்கள், சமைப்பார்கள், காதலிப்பார்கள். போன ஞாயிற்றுக்கிழமை கொலைக் கதையின் முதல் பாகம் வந்தது. கப்பலின் வைத்தியர் தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு, கதவை உள்ளே தாழிட்டு, சுவரோடு கட்டிய பைக்குள் படுத்தார். காலையில் கதவை அறுத்துத் திறந்தால் ஆள் இல்லை, உடல்தான் இருந்தது. காயமில்லை, விஷமில்லை. யார், எப்படி என்பது அடுத்த ஞாயிறு.

வைத்தியரின் அறையில் காற்று வரும் துவாரத்தில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கும். விசிறி ஓடுகிறதா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு. அவர் படுக்கும்போது அது படபடத்தது. கதவை அறுத்தபோதும் படபடத்தது. நடுவில் சமையல்காரன் கதவின் சின்னக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்க்கும் ஒரு நொடிக் காட்சியில் மட்டும் அது அசையவில்லை. அந்த நேரத்தில் கப்பலின் ரேடியோக்காரி, கேப்டன் தன் மகளுக்கு அனுப்பும் செய்தியைப் பதிவு செய்துகொண்டிருந்தாள். பதிவில் இரைச்சல் விழக் கூடாது என்று அந்தப் பக்கத்து விசிறிகளை நிறுத்துவது அவள் கையில் இருக்கும் வேலை. கேப்டன் அழுதார். பார்த்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். ரேடியோக்காரி பதிவை நிறுத்தாமல் அவரை அழவிட்டாள். மாத்திரை மயக்கத்தில் இருந்த வைத்தியரைச் சுற்றி அவர் விட்ட மூச்சே மேகமாகக் கட்டி நின்றுவிட்டது.

அறைக்குள் யாரும் போகவே இல்லை. ஒரு சுவிட்ச், அவ்வளவுதான்.

பல்லக்கா அந்தப் பல் வரிசையைக் கோணலாக வைத்து, கழற்றி, மறுபடி வைத்தாள்.

வீட்டில் ஒரு ஏற்பாடு உண்டு. அவள் கணவனுக்கு சப்டைட்டில் எழுதும் வேலை. தமிழ் வரிகளை எழுதுவதற்காக ஒவ்வொரு எபிசோடும் முன்கூட்டியே அவர் கைக்கு வந்துவிடும். வெளியே மூச்சுவிட மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். போன வருடம் இன்னொரு தொடரின் முடிவு கசிந்து, கூட வேலை செய்தவர் ஒருவர் மறுநாளே வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அதனால் ஒரு எபிசோட் ஒளிபரப்பாகும் வரை வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை.

அன்றைக்கு எடுத்துவிட்டாள். விஷயம் புரிந்த சந்தோஷம் அவளுக்குத் தும்மல் மாதிரி. அடக்கினால் கண்ணில் நீர் வரும்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் சொல்றேன், கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க" என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து தீயிலிருந்து தொடங்கினாள்.

அவர் சாதாரணமாக விடமாட்டார். அவள் எதைச் சொன்னாலும் "இங்க ஒரு ஓட்டை இருக்கே" என்பார். அவள் அடைப்பாள், அவர் இன்னொன்றைக் கண்டுபிடிப்பார். அவர்கள் கல்யாண வாழ்க்கையில் பாதி அப்படித்தான் ஓடியிருக்கிறது. அன்றைக்கு அவள் ரிப்பனைச் சொன்னாள், விசிறியைச் சொன்னாள், ரேடியோக்காரியைச் சொன்னாள். அவர் எழுந்து போய், ஏற்கெனவே துடைத்திருந்த அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தார்.

"என்னங்க, ஓட்டை எதுவும் இல்லையா?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"அதைத்தான் நானும் பார்க்கறேன்."

அவர் முதுகு அசையாமல் நின்றது. வாயைக் கட்டிவிடலாம், முதுகை என்ன செய்வது?

"வெளியில சொல்லிடாதே" என்றார் கடைசியில்.

சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் அவள் பட்டறையில் கூடுவது வழக்கம். மூன்று பேர் வருவார்கள். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்க்கும் லிஃப்ட்காரர். தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருக்கும் மருந்துக்காரன். கண் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கும் அவள் நாத்தனார். இரண்டு பாகக் கதை என்றால், நடுவில் வரும் சனிக்கிழமை ஒவ்வொருவரும் ஒரு குற்றவாளியைக் காட்டி, எப்படிச் செய்தான் என்று நிரூபிக்க வேண்டும். சட்டம் ஒன்றுதான்: முடிவு தெரிந்தவர் பேசக் கூடாது, எழுந்து வெளியே போய்விட வேண்டும். எல்லாவற்றையும் மருந்துக்காரன் சாயங்காலம் ரசிகர் குழுவில் போடுவான். உலகம் முழுக்க ஆட்கள் இருக்கும் குழு அது. சேனல்காரர்களும் அதைப் படிக்கிறார்கள் என்பதில் அவனுக்குத் தனிப் பெருமை.

பல்லக்காவுக்குச் செவ்வாய்க்கிழமையிலிருந்து இதே கணக்குத்தான். உண்மையைச் சொன்னால், ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு "சப்டைட்டில்காரர் பொண்டாட்டி சொன்னது" என்று ஆகிவிடும். எழுந்து வெளியே போனால் தெரிந்தவள் என்று ஆகிவிடும். சொன்னது யார் என்று கேட்கக்கூட வேண்டாம். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. வேலை போகப்போவது அவள் கணவனுக்கு.

மருந்துக்காரன் கப்பலின் கணினிதான் கொன்றது என்றான். நாத்தனார் சமையல்காரனைப் பிடித்துக்கொண்டாள்.

"எட்டிப் பார்த்தான் இல்ல? ஒண்ணும் பண்ணாதவன் எதுக்கு எட்டிப் பார்க்கறான்?"

"அப்ப எங்க மாடி வீட்டுக்காரம்மா இதுவரைக்கும் முப்பது கொலை பண்ணியிருக்கணும்" என்றார் லிஃப்ட்காரர்.

"அண்ணி, பேசாம அண்ணன்கிட்ட கேட்டுடுங்க. நமக்கு நேரம் மிச்சம்" என்று நாத்தனார் சிரித்தாள்.

"உங்க அண்ணன் வாயில இருந்து வார்த்தை வாங்கறதுக்கு, பல்லைப் பிடுங்கறது சுலபம்" என்றாள் பல்லக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அவள் முறை வந்தபோது, செடிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்தான் குற்றவாளி, ஏதோ ஒரு பூவின் மகரந்தம் என்று சொல்லி முடித்துக்கொண்டாள்.

"என்னக்கா இது, ரெண்டு வரியில முடிச்சிட்டீங்க? உடம்பு சரியில்லையா?" என்றான் மருந்துக்காரன்.

லிஃப்ட்காரர் மட்டும் எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒரு சந்தேகம். அந்த ரிப்பன். சமையல்காரன் பார்க்கறப்ப அது ஆடலை."

"ஷூட்டிங்ல ஃபேன் போட மறந்திருப்பாங்கண்ணே" என்றான் மருந்துக்காரன்.

"இருக்கலாம். ஆனா நான் லிஃப்ட்காரன். கூண்டுக்குள்ள ஆள் மாட்டிக்கிட்டா நான் முதல்ல பார்க்கறது ஃபேன் ஓடுதான்னுதான். இந்த ஆள் ரூம்ல ஃபேன் நின்னிருக்கு. நின்னா மூச்சு முட்டுமா? அது ஒண்ணுதான் இடிக்குது. அவ்வளவு பெரிய ரூம், காத்து நிறைய இருக்கு. ஒருத்தர் படுத்துத் தூங்கறதுக்குத் தாராளமாப் போதும். விடற மூச்சு சூடு, அது மேல போயிடும், புதுசு வந்துடும். இல்லையா பல்லக்கா? இதெல்லாம் நீங்கதான் சொல்லணும்."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். இந்த மேசையில் இப்படிப்பட்ட கேள்வி எழுந்தால் பதில் அவளிடமிருந்துதான் வரும். ராக்கெட் ஏன் வளைந்து போகிறது, விண்வெளியில் வெடிச்சத்தம் ஏன் கேட்காது, எல்லாம் அவள் பொறுமையாக, மெழுகையும் நூலையும் வைத்துக் காட்டி விளக்கியவை. ஸ்பிரிட் விளக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பற்றவைத்து, "இந்தத் தீ ஏன் மேல போகுது, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டால் போதும். மீதியை அவரே பிடித்துவிடுவார். அவர் கண்டுபிடித்ததாகவே இருக்கட்டுமே என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் சாயங்காலம் குழுவில் போவது நால்வர் பெயரும்தான். நால்வரில் ஒருத்தி யார் வீட்டில் இருக்கிறாள் என்பது சேனலுக்குத் தெரியும்.

"ஆமாண்ணே. சூடான காத்து மேல போயிடும். எங்கேயும் அப்படித்தான். ஃபேன் நின்னாலும் ஒண்ணும் ஆகாது" என்றாள்.

ஒன்றைத் தெரிந்தே தப்பாக விளக்கியது அவளுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. குரல் வழக்கம்போலவே நிதானமாக வந்தது. அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அங்க எடை கிடையாதே, அப்பவுமா?" என்று லிஃப்ட்காரர் இன்னும் ஒரு படி ஏறினார்.

"எடைக்கும் சூட்டுக்கும் சம்பந்தம் இல்லண்ணே."

"அப்படியா? நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவர் இறங்கிவிட்டார். "நான் கேப்டன்னே போட்டுடறேன். தம்பி, எழுதிக்கோ."

வீட்டுக்குப் போனதும் கணவனிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் பெருமூச்சு விட்டு, அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அவருக்கு அது முடிந்துபோன விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பாகம் வந்தது. ரேடியோக்காரி விசிறி சுவிட்சின் மேல் கை வைத்த காட்சியில் மருந்துக்காரன் குழுவில் கூப்பாடு போட்டான். மூக்குக்குக் கீழே இருந்ததை விட்டுவிட்டோமே என்று நாத்தனார் எழுதினாள். கடைசி வரிகள் ஓடி முடிவதற்குள் பல்லக்காவின் போன் அடித்தது.

"பல்லக்கா! ரிப்பன்தான்! நான் சொன்னேன் இல்ல?" என்றார் லிஃப்ட்காரர்.

"சொன்னீங்கண்ணே. நான்தான் உங்களை விடலை."

"அட, விடுங்க. தப்பு யாருக்குத்தான் வராது? யானைக்கும் அடி சறுக்கும்." அவர் குரலில் துளிக் கோபம் இல்லை. சந்தோஷம்தான் பொங்கி வழிந்தது. "நான் உடனே தேடிப் படிச்சேன். விஷயம் என்னன்னு சொல்றேன், நிதானமாக் கேளுங்க. இங்க ஒரு தீ எரியுதுன்னு வச்சுக்குங்க. அது ஏன் மேல போகுது?"

"ஏன்?" என்றாள் பல்லக்கா.

அவர் விளக்கினார். ஆர்வமாக, இரண்டு தடவை திரும்பச் சொல்லி, நடுவில் "புரியுதா?" என்று நிறுத்தி நிறுத்தி விளக்கினார். குளிர்ந்த காற்று வந்து தள்ளும் இடத்தைச் சரியாகச் சொன்னார். எடையில்லாத இடத்தில் சூடான காற்று மெதுவாகக் கீழே இறங்கிவிடும் என்று முடித்தார்.

மேலும் இல்லை, கீழும் இல்லை, அங்கேயே நிற்கும் என்பது அவள் நாக்கு நுனி வரை வந்தது.

"புரியுதுண்ணே" என்றாள்.

"நீங்க எங்களுக்கு எவ்வளவோ சொல்லிக் கொடுத்திருக்கீங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே நீங்க சொன்னாலும் நான் ஒரு தடவை வேற இடத்துல பார்த்துக்கறேன்."

"பார்த்துக்குங்கண்ணே. அதுதான் நல்லது."

போனை வைத்ததும் கணவர் கேட்டார்: "என்னவாம்?"

"தீ ஏன் மேல போகுதுன்னு சொல்லிக் கொடுத்தார்."

"சரியாச் சொன்னாரா?"

"ஒரு இடத்துல தப்பு."

"எடுத்துச் சொல்ல வேண்டியதுதானே? இப்பதான் எல்லாரும் பார்த்தாச்சே."

அவள் டிவியை அணைத்தாள். "நாளைக்கு மருந்துக்காரத் தம்பியை விட்டுச் சொல்லச் சொல்றேன்" என்றாள். "அவன் சொன்னா நம்புவார்."