அவள் எழுதாத அட்டைகள்

அவன் படியேறி வந்தபோது ஜன்னலோரம் மூன்று தலைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. செருப்புச் சத்தம் கேட்டதும் பிரிந்தன. தட்டச்சு அக்கா இயந்திரத்துக்குத் திரும்பினாள். அட்டை ஒட்டுகிறவர், எல்லோருக்கும் ‘கோந்து’, காய்ந்த தூரிகையைக் கழுவப் போனார். பதிப்பாசிரியர் தண்ணீர் குடித்தார். டம்ளர் காலியாக இருந்ததை அவன் பார்த்துவிட்டான்.

இது ஆறாவது நாள். அந்த ஆங்கில-தமிழ் அகராதி அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தவனை, மனைவி இறந்த இரண்டாம் மாதம் மாடியில் அவள் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ‘எச்’ எழுத்து அவளுடையது. சொல்லுக்கு ஓர் அட்டை. எழுதியவர் மூலையில் கையொப்பமிடுவார், சரிபார்ப்பவர் கீழே இடுவார், பிறகுதான் தட்டச்சு. தன் கையால் எழுதியவருக்கே அகராதியின் முன்பக்கத்தில் பெயர். மேலாளர் அதில் கறார்.

அவள் பெயரைத் தூக்கிவிடப் போகிறார்கள் என்று அவனுக்குப் பட்டது. செத்தவள் வந்து கேட்கவா போகிறாள்?

அட்டைகளைப் புரட்டினான். ‘ஹப்’ இருந்தது, ‘ஹியூ’ இருந்தது, நடுவே ‘ஹடில்’ இல்லை. அக்காவிடம் கேட்டான். எங்கேயும் போயிருக்காது என்றாள், நிமிராமல்.

மதியம் மூவரும் சாப்பிடக் கீழே போனதும் அக்காவின் இழுப்பறையைத் திறந்தான். காகிதம் சுற்றிய ஒரு கட்டு. மேலேயே ‘ஹடில்’. கூட்டமாக நெருங்கு, ஒடுங்கி ஒட்டிக்கொள். சொற்பிறப்பு: உறுதியில்லை. பழைய பொருள்: மறைத்து வை.

மூலையில் கோணலாக அவள் கையொப்பம். எழுத்து அவளுடையதில்லை. வால் நீண்ட அந்த ‘ற’ கோந்துடையது. அடுத்த அட்டை அக்காவின் கையெழுத்து, அதற்கடுத்தது பதிப்பாசிரியருடையது. திருட்டுக் கையொப்பம் என்று நினைத்தான். அப்புறம்தான் தேதியைப் பார்த்தான். பிப்ரவரி.

நோயைப் பற்றி அவள் அவனிடம் சொன்னது ஆகஸ்டில்.

அவர்கள் திரும்பி வந்தபோது கட்டு மேஜைமேல் பிரிந்து கிடந்தது. யாரும் இயந்திரத்துக்கோ தூரிகைக்கோ போகவில்லை.

“அவளுக்குக் கை நடுங்குச்சு தம்பி,” என்றாள் அக்கா. “பேனா நிக்கல.”

“பிப்ரவரியிலேயேவா?”

“உன்கிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னு கையைப் புடிச்சுக் கேட்டா.”

அவள் சொல்லச் சொல்ல இவர்கள் எழுதியிருக்கிறார்கள். கையொப்பம் மட்டும் அவளே, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு. “என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குன்னு திட்டுவா,” என்றார் கோந்து. சிரிக்கப் பார்த்து விட்டுவிட்டார்.

“இப்ப எதுக்கு ஒளிச்சு வெச்சீங்க?”

“அவ எழுத்து உனக்குத் தெரியுமே. டைப் அடிச்சுட்டு உன்கிட்ட காட்டலாம்னு பார்த்தோம்.”

அவன் கேட்க நினைத்தது வேறு. ஆறு மாதம் தினமும் டிபன் பாக்ஸோடு தன் பக்கத்தில் நடந்து வந்தவள், இடது கையாலேயே எல்லாவற்றையும் எடுத்ததை எப்படிப் பார்க்காமல் போனேன் என்று. அதை இவர்களிடம் கேட்க முடியாது.

பதிப்பாசிரியர் அட்டையின் அடியில் காலியாக இருந்த இடத்தைக் காட்டினார். “சரிபார்த்தவர் கையொப்பம் நீதான் போடணும். இது தெரிஞ்சா மேலாளர் அவ பேரை எடுத்துடுவார். மனசு வரலைன்னா விட்டுடு.”

அவன் பேனாவைத் திறந்தான். மூவரும் குனிந்தார்கள். அக்காவின் தோள் அவன் தோளில் இடித்தது. கோந்து வாசனை அடித்தது.

படியில் மேலாளரின் பூட்ஸ் சத்தம்.

மற்ற மூவரும் விலகுவதற்குள் அவன் உள்ளங்கை அட்டைமேல் இருந்தது. அடியில் அவன் கையொப்பத்தின் மை இன்னும் காயவில்லை.