இரண்டு டிஸ்க், ஒரு பிள்ளையார் சுழி

சோலைமலை எட்டு நாட்களாகக் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தார். காலையில் சாமிக்கு விளக்கேற்றும்போதும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

இலங்கை மலையகத்தில், டயகமவில் தேயிலைத் தொழிற்சாலை எலெக்ட்ரீஷியனாக முப்பத்தொரு வருடம் இருந்தவர். ஓய்வு பெற்றபோது ஆபீஸில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்று கிடைத்தது. அதில் விண்டோஸ் நகரவே இல்லை. லினக்ஸ் போட்டு, புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டார். மைக் வாங்கிய அன்று, அது வேலை செய்கிறதா என்று பார்க்க ரெக்கார்டை ஓடவிட்டிருந்தார். அப்போது அடுப்படியிலிருந்து மனைவி அழகம்மா ஏதோ சொன்னாள். மொத்தம் நாற்பது விநாடி. அவள் போய் இரண்டு வருடமாகிறது. போட்டோக்கள் இருக்கின்றன. குரல் என்று இருப்பது அது ஒன்றுதான்.

சில நாட்களாகப் பழைய டிஸ்க்கிலிருந்து ஒரு கரகரப்புச் சத்தம் வந்தது. மெஷின் சத்தம் கேட்டே வாழ்ந்தவருக்கு அதன் அர்த்தம் தெரியும். உடனே இன்னொரு டிஸ்க் வாங்கி, பழையதற்குப் பக்கத்திலேயே பொருத்தினார். அதைத் தயார் செய்யும்போது, என்ன பெயர் வைப்பது என்று கம்ப்யூட்டர் கேட்டது. கை தானாக ‘உ’ என்று அடித்தது. எதைத் தொடங்கினாலும் அவருக்கு முதலில் பிள்ளையார் சுழி போட வேண்டும். தொழிற்சாலையில் ஃபியூஸ் பெட்டி மூடியில்கூடப் போட்டிருக்கிறார். பழைய டிஸ்க்கிற்கும் அந்தப் பெயர்தான் வைத்திருந்தார் என்பது அப்போது நினைவில் இல்லை.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, குரல் இருந்த இடத்தைத் திறந்தார். காலியாக இருந்தது.

புதியதற்குப் பதிலாகப் பழையதை அழித்துவிட்டோம் என்று நினைத்தார். நாற்காலியை விட்டு எழவே வெகுநேரம் ஆயிற்று. யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து மகன் பேசினான்.

“நல்லா இருக்கீங்களாப்பா?”

“இருக்கேன்யா. சாப்பிட்டேன்.”

அவ்வளவுதான் பேச்சு. போனை வைத்த பிறகு, மழை தகரத்தில் விழும் சத்தம் மட்டும் வீட்டில் இருந்தது.

ஒன்பதாம் நாள், கம்ப்யூட்டர் பெட்டியை உர பேக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அக்கரபத்தனைக்கு பஸ் ஏறினார். அங்கே கம்ப்யூட்டர் திருத்தும் கடையை றுக்கையா நடத்திவந்தாள். கடை அவள் புருஷனுடையது. அவர் கத்தாருக்குப் போனபிறகு ஸ்க்ரூ டிரைவர் இவள் கைக்கு வந்தது.

சோலைமலை நடந்ததைச் சொன்னார்.

“அதுக்குப் பொறவு ஏதாச்சும் எழுதினீங்களா அண்ணே? காப்பி பண்ணிப் பாத்தீங்களா?”

“இல்ல தங்கச்சி. பயத்துல தொடவே இல்ல.”

“அல்ஹம்துலில்லாஹ். தொடாததுதான் நல்லது.”

அவள் வயர்களை மாட்டி, கறுப்புத் திரையில் ஒரு கட்டளை அடித்தாள். பட்டியலில் இரண்டு வரிகள் வந்தன. அவள் சற்று நேரம் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கினாள்.

“ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சிருக்கீங்களே அண்ணே! கம்ப்யூட்டரப் போட்டதும் ‘உ’வத் தொறன்னு கட்டளை எழுதி வச்சிருக்கீங்க. ஒரே பேர்ல ரெண்டு பேரு வாசல்ல நின்னா அது பாவம், யார உள்ள விடும்? புதுசத்தான் விட்டிரிக்கு.”

“சுழி போடாம எப்படிங்க ஆரம்பிக்கிறது?”

“சுழி போடுங்க, வேணாங்கல. பெரட்டுக்கு ஒரே பேர்ல ரெண்டு பேரு வந்தா கங்காணி என்ன செய்வாரு?”

பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் கங்காணி பேர் கூப்பிட்டு வேலைக்கு ஆளெடுக்கும் இடம். சோலைமலைக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

“நம்பரச் சொல்லிக் கூப்பிடுவாரு. எங்க மலையிலயே மூணு அழகம்மா. எங்க வீட்டுக்காரி நூத்தி நாப்பத்தேழு.”

“டிஸ்க்குக்கும் அப்படி நம்பர் இரிக்கு. தயார் பண்ணயிலேயே அது வந்துரும், ஒன்னுமாரி இன்னொன்னு இரிக்காது. இப்ப நம்பரச் சொல்லிக் கூப்பிடுறேன். எழுதவிடாம, பாக்க மட்டும்.”

ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து நீண்ட அந்த நம்பரை அடித்தாள். சோலைமலை கண்ணை மூடிக்கொண்டார். உதடு முருகா, முருகா என்றது.

“அண்ணே, பாருங்க.”

திரையில் ஒரே ஒரு கோப்பு இருந்தது. மைக் டெஸ்ட்.

றுக்கையா அதை அழுத்தவில்லை. ஹெட்போனைத் துடைத்து அவர் காதில் மாட்டி, மவுஸை அவர் கைப்பக்கம் நகர்த்தினாள். “தண்ணி கொதிக்க வைக்கப் போறேன்” என்று பின்கட்டுக்குப் போய் வாசல் திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.

முதலில் அவருடைய தும்மல். பிறகு ஏதோ பாத்திரம் உருளும் சத்தம். அதன் பிறகு, தூரத்தில் அவள்.

“என்னாங்க... அந்த டப்பாகிட்டயே குடும்பம் நடத்துங்க. தேத்தண்ணி ஆறிப்போச்சு.”

மூன்று தடவை கேட்டார். நான்காம் தடவை கேட்க முடியவில்லை.

றுக்கையா தேநீரோடு வந்தபோது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டு, பழையதிலிருந்து புதியதற்கு நகலெடுக்கத் தொடங்கினாள். திறக்கும் கட்டளையில் பெயரை எடுத்துவிட்டு நம்பரை எழுதினாள். பிறகு ஒரு டிஸ்க்கின் பெயரையும் மாற்றிவிடலாம் என்றாள். “சுழி இரிக்கட்டும், பக்கத்துல வேற பேரு போடுங்க.” சோலைமலை அழகம்மா என்று சொன்னார். அவ்வளவு நீளம் கொள்ளாது என்று கம்ப்யூட்டர் மறுத்துவிட்டது.

“வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்க?”

இரண்டு வருடமாக அந்தப் பெயர் வாய்க்கு வரவே இல்லை.

“அழகு.”

அது கொண்டது.

புறப்படும்போது, நகல் இருந்த புது டிஸ்க்கைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“ரெண்டும் ஒரே வீட்டுல இருக்க வேணாம் தங்கச்சி. இது ஒங்ககிட்ட இருக்கட்டும்.”

அவள் அதை வாங்கி, துணியில் சுற்றி, புருஷனின் கடிதங்கள் இருந்த இழுப்பறையில் வைத்தாள்.

“ஆனா மாசம் ஒருக்கா நீங்க வந்து இத ஓட்டிப் பாக்கணும். சும்மா கெடந்தா கெட்டுப்போகும்.”

ஒரு மாதத்தில் டிஸ்க் கெட்டுப்போகாது. முப்பத்தொரு வருடம் மெஷின்களோடு இருந்தவருக்கு அது தெரியும். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பதும் தெரிந்தது.

“சரிங்க, வாரேன்” என்று சொல்லி, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.