லீவில் வருகிற கிளோறியா

எனக்கும் நீக்கிலாசுக்கும் கலியாணமாகி எத்தனையோ வருடம். ஆனால் குப்பைப் பையை யார் கீழே கொண்டுபோய்ப் போடுவது என்று நாங்கள் ஒருநாள்கூடக் கொளுவுப்பட்டதில்லை. கேள்விப்பட்டவர்கள், "குடுத்துவைச்ச சோடி" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு பேரும் ஒரு வீட்டில் இருந்தால்தானே குப்பை சேர? குப்பை சேர்ந்தால்தானே சண்டை பிடிக்க?

நான் டென்மார்க்கில், கோல்டிங்கில், ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. அவர் சார்ஜாவில் ஒரு கொம்பனியின் ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்சுக்குச் சாரதி. மன்னாரில் தாலி கட்டின கையோடு அவர் ஒரு விமானத்தில் ஏறினார், நான் இன்னொன்றில் ஏறினேன். அவருக்கு டென்மார்க்கில் முதலில் விசா இல்லை என்றார்கள். பிறகு சட்டம் மாறிவிட்டது என்றார்கள். மாறின சட்டத்தைப் பார்த்தபோது பழையதே பரவாயில்லை என்றிருந்தது. ஆகவே ஒவ்வொரு குளிர்காலமும் நான் லீவு எடுத்துக்கொண்டு சார்ஜாவுக்குப் பறப்பேன். அதுதான் எங்கள் குடும்ப வாழ்க்கை.

சும்மா சொல்லக்கூடாது, அந்த நாட்களுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. மற்ற நேரம் அறை நிறைய ஆட்களோடு இரட்டைத் தட்டுக் கட்டிலில் படுக்கிற மனுசன், நான் வருகிறேன் என்றால் ஒரு குடும்பக்காரர் வீட்டில் தனி அறை எடுத்து, வாசலில் புதுக் கால்மிதி போட்டு வைத்திருப்பார். அவரும் லீவு போட்டுவிடுவார். சிநேகிதனின் பழைய கார் ஒன்று இரவலுக்கு வரும். வெயில் சாய வெளிக்கிட்டோமென்றால் ஊர்சுற்றல்தான். சேர்ச்சில் தமிழ்ப் பூசை முடிய ஏரிக்கரையில் ஒரு நடை, அதன் பிறகு ரோலாக் கடைத்தெருப் பக்கம் சேலைக்கடை. துபாய்க்குப் போய் மரப்படகில் ஏறி அக்கரையில் இறங்குவோம். அங்கே எங்களுக்கு ஒரு வேலையும் இருக்காது. அடுத்த படகில் திரும்பி வருவோம். ரோட்டோரப் புல்லில் பாய் விரித்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகுட்டியோடு இருக்கும் குடும்பங்களுக்கு நடுவில் நாங்களும் பாயை விரிப்போம். எங்கிருந்தோ பாங்கு கேட்கும், எங்கிருந்தோ இறைச்சி சுடுகிற வாசம் வரும். மாடிக் கட்டிடங்களின் வெளிச்சம் தண்ணீரில் நீண்டு நீண்டு ஆடும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நான் எந்த நாட்டுக்காரி, எனக்கு என்ன வயது என்பதெல்லாம் மறந்துபோகும்.

அப்படி ஒரு மயக்கத்திலேயே எங்கள் இளமை போய்விட்டது.

இந்த வருடம், மரங்கள் துளிர்க்கிற நேரத்தில், ஒருவழியாக விசா வந்தது. விமான நிலையத்தில் நான் அழுத அழுகையைப் பார்த்து ஒரு டேனிஷ் கிழவி கைக்குட்டை தந்தாள். அவரை வீட்டுக்குக் கூட்டிவந்து, புட்டும் மீன் குழம்பும் கொடுத்து, இனி எனக்கு ஒரு குறையும் இல்லை மாதாவே என்று படுத்தேன்.

ஆனால் எனக்கு லீவு இல்லையே. அவர் வருவதற்காக எடுத்த லீவெல்லாம் முடிந்துவிட்டது. விடியப்புறம் எழும்பி ஓடினால் பின்னேரம்தான் வருவேன். நாள் முழுக்க ஆட்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, தூக்கி இருத்திவிட்டு வருகிற உடம்பு, கதவைத் திறந்ததும் வேலைச் சட்டையோடேயே சோபாவில் விழும். அவர் பாவம், சமைத்து வைத்திருப்பார். சத்தமில்லாமல் சாப்பாட்டுக் கோப்பையைக் கொண்டுவந்து வைப்பார். "கிளோறி, ஒருக்கா வெளியில போவமோ?" என்பார். "விடிய வேலையப்பா" என்பேன். டேனிஷ் வகுப்புக்குப் போய்வந்து ஜன்னலடியில் உட்கார்ந்திருப்பார். வரவர கதை குறைந்தது. அந்தக் குப்பைப் பைக்கும் ஒருநாள் நன்றாகவே கொளுவுப்பட்டோம்.

போன கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார்.

"குருசுமுத்து அண்ணை போன் எடுத்தவர். என்ர இடத்துக்கு இன்னும் ஆள் போடேல்லையாம். ஞாயிற்றுக்கிழமைக்குள்ள சொல்லட்டாம்."

குருசுமுத்து சார்ஜாக் கொம்பனியில் அவருடைய மேற்பார்வையாளர். தூத்துக்குடிக்காரர், நல்ல மனுசன். அந்த நேரம் எனக்கு அவரைக் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும் போல இருந்தது.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"யோசிச்சுச் சொல்லுறன் எண்டன்." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "நான் திரும்பிப் போனால் நல்லம் போல கிடக்கு, கிளோறி."

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியம் இல்லையென்று நினைத்தேன். அந்த வெளிச்சம், அந்தச் சனம், அந்த ஏரிக்கரையெல்லாம் எங்கே, பொழுதுபட முன்னமே தெரு வெறிச்சுப்போகிற கோல்டிங் எங்கே! என்னோடு ஒரு நகரம் போட்டிக்கு வந்து நிற்கிறது என்றுதான் எண்ணினேன். இத்தனை வருடமாகக் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்திருந்தேனே, எல்லாம் இதற்குத்தானா என்று வயிறு எரிந்தது.

"சனிக்கிழமை எனக்கு லீவு. ஒருக்கா வெளியில போவம். அதுக்குப் பிறகு உங்கட முடிவைச் சொல்லுங்கோ" என்றேன். அவர் தலையாட்டினார்.

ரோமோ தீவுக்குப் போனோம். மேற்குக் கரையில், கடலுக்கு நடுவே போட்ட நீளமான ரோட்டால் போக வேண்டும். இரண்டு பக்கமும் வற்றின கடல் கண்ணாடியாகக் கிடந்தது. நான்தான் ஓட்டினேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். தீவின் அந்தக் கரைக்குப் போனால் ரோடு முடிந்து மணல் தொடங்கும். அங்கே கடற்கரைக்குள்ளேயே காரைக் கொண்டுபோகலாம். நான் காரை நிறுத்தி இறங்கினேன்.

"நீங்கள் காரை ஓடுங்கோ. உங்கட சார்ஜா லைசென்ஸ் இன்னும் கொஞ்ச நாளைக்குச் செல்லும்."

அவர் சாரதி இருக்கையில் ஏறி, சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, கண்ணாடியைத் திருத்தி, ஸ்டியரிங்கில் கையை வைத்தார். அவருடைய தோள் நிமிர்ந்ததை நான் பார்த்தேன். எனக்கு ஏனோ அழுகை வந்தது.

அந்த மணலுக்கு முடிவே இல்லை. பின்னேர வெயில் சாய்ந்து, ஈரமணலில் வானம் இறங்கிக் கிடந்தது. தூரத்தில் நிற்கிற கார்கள் தரையில் முட்டாமல் மிதக்கிற மாதிரி இருந்தன. யாரோ விட்ட பெரிய பட்டங்கள் மேலே அசையாமல் நின்றன. கடல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அவர் ஜன்னலை இறக்கி முழங்கையை வெளியே வைத்தார். கார் வழுக்கிக்கொண்டு போனது. இடது பக்கம் ஏரிக்கரை வரும், அதைத் தாண்டினால் ரோலாவுக்குத் திரும்புகிற சந்தி வரும் என்று எனக்குள் யாரோ சொல்லிக்கொண்டு வந்தார்கள். நான் கண்ணைத் தேய்க்கவில்லை, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"மழை பெய்ஞ்சு விட்டால் அங்கையும் மணல் இப்பிடித்தான் மினுங்கும்" என்றார்.

"ஓம்" என்றேன்.

மணலுக்கு நடுவே ஒரு வான் நின்றது. ஐஸ்கிறீமும் கோப்பியும் விற்கிற வான். அதன் முன்னால் டேனிஷ்காரர் கொஞ்சப்பேர் வரிசையில் நின்றார்கள். எங்கள் மனுசன் நேரே அதற்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காரை நிறுத்தினார். நிறுத்தி, "பாம் பாம்" என்று இரண்டு தரம் ஹோர்ன் அடித்தார். அடித்துவிட்டு ஜன்னலால் கையை நீட்டி இரண்டு விரலைக் காட்டினார்.

ஐயோ கடவுளே!

சார்ஜாவில் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் அப்படித்தான். காரைவிட்டு இறங்குகிறவர் கிடையாது. ஹோர்ன் அடித்து விரலைக் காட்டினால், அத்தனை கோப்பை தேத்தண்ணி ஜன்னலுக்கு வரும். ஆனால் டென்மார்க்கில் உயிர் போகிற விஷயமென்றால்தான் ஒருவர் ஹோர்ன் அடிப்பார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். ஒருத்தி பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். வானுக்குள் நின்ற பெண் கதவைத் திறந்து, கையில் முதலுதவிப் பெட்டியோடு மணலில் விழுந்தெழும்பி ஓடிவந்தாள்.

"என்ன நடந்தது? யாருக்கு ஏலாமல் போனது?" என்று டேனிஷில் கத்தினாள்.

நீக்கிலாஸ் சாவகாசமாக அவளைப் பார்த்து, ஆங்கிலத்தில், "இரண்டு தேத்தண்ணி. சீனி குறைவாக" என்றார்.

அந்தப் பெண் பெட்டியைப் பிடித்தபடி நின்றாள். இவர் விரலை நீட்டியபடி இருந்தார். அந்த விரல் மெல்ல மெல்ல மடங்குவதைப் பார்த்தேன். தான் எங்கே இருக்கிறார் என்பது மனுசனுக்கு அப்போதுதான் உறைத்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வழிய, டாஷ்போர்டில் தலையை முட்டி முட்டிச் சிரித்தேன். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால் அதற்கும் சிரிப்புத்தான் வந்தது. அவள் என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி கிடையாது, கோப்பி வேண்டுமென்றால் வரிசைக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது அவளுடைய தோளும் குலுங்கியது.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். நீக்கிலாஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் வெட்கம் இல்லை.

"இதுதான்" என்றார்.

"எது?"

"இந்தச் சிரிப்பு. நீர் சார்ஜாவில வந்து இறங்கேக்கை இப்பிடித்தான் சிரிச்சுக்கொண்டு இறங்குவீர். திரும்பிப் போகுமட்டும் சிரிப்பீர். இஞ்சை நான் வந்தாப்பிறகு ஒருநாளும் இதைக் காணேல்லை." ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டு சொன்னார். "எனக்கு அந்த ஊர் என்னத்துக்கு? கட்டிலும் பஸ்சும்தானே. நான் போனால் நீர் பழையபடி குளிருக்கு லீவெடுத்துக்கொண்டு வருவீர். இந்தச் சிரிப்போட வருவீர். அதுதான் யோசிச்சனான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் போக நினைத்தது ஊருக்காக இல்லை. லீவில் வருகிற கிளோறியாவிடம் போக நினைத்திருக்கிறார். நான் ஒரு நகரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வந்து நின்றவளோ நானேதான்! வந்த கோபத்துக்கு அளவில்லை. கோபத்தோடு கோபமாக நெஞ்சும் உருகியது. அதுவும் எனக்குக் கோபம்.

"உங்களுக்கு மண்டை கழண்டு போச்சோ?" என்று தொடங்கினேன். "அங்கை சிரிச்சவள் லீவில வந்தவள். வருசம் முழுக்கக் குனிஞ்சு நிமிந்த நாரியையும் முதுகையும் உங்களுக்குத் தெரியாமல் விமானத்தில நிமித்திக்கொண்டு வந்து சிரிச்சவள். இறங்க முன்னம் ரொயிலற்றுக்க போய்ப் பவுடர் போட்டுக்கொண்டு வந்தவள். அவளைத்தான் நீங்கள் கட்டினீங்கள். வேலைக்குப் போய்வாற கிளோறியா ஒருத்தி இஞ்சை இருக்கிறாள். சோபாவில குறட்டை விடுறவள், விசர் வந்தால் கத்துறவள். அவளை நீங்கள் இன்னும் கட்டேல்லை. கட்டுறீங்களோ இல்லையோ எண்டு இப்ப சொல்லுங்கோ. ஏலாதெண்டால் போங்கோ. ஆனால் நான் இனிமேல் அங்கை சிரிக்க வரமாட்டன்."

சொல்லி முடித்தபோது மூச்சு வாங்கியது. வரிசையில் நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன். வெயில் அவருடைய ஒரு பக்கக் கன்னத்தில் விழுந்தது. அங்கே நரைத்த தாடி மயிர் இருப்பதை அன்றைக்குத்தான் நான் கண்டேன். தண்ணீர் எங்கேயோ ஏறத் தொடங்கிவிட்டது. மணலில் சின்னச் சின்ன வெளிச்சக் கோடுகள் எங்களை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தன.

"நாளைக்கு உமக்கு எத்தினை மணிக்கு வேலை?" என்று கேட்டார்.

"ஏழு மணிக்கு. ஏன்?"

"அப்ப வீட்டுக்குப் போவம். நீர் படுக்க வேணுமெல்லே."

காரைத் திருப்பினார். எங்கள் கலியாண வாழ்க்கையில் வீட்டுக்குப் போவோம் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தரம். சீட்டைச் சாய்த்துக்கொண்டேன். கடலுக்கு நடுவேயான ரோடு மெதுவாக எங்களுக்குக் கீழே ஓடியது. கண்ணுக்குள் வெளிச்சமும் தண்ணீரும் கலந்து ஆடின. நான் பாதி நித்திரையில் கிடந்தேன்.

அவருடைய தொலைபேசி அடித்தது. கார் ஸ்பீக்கரில் குருசுமுத்துவின் குரல் அதிர்ந்தது.

"என்ன நீக்கிலாஸ், பதிலே காணோம்? நாளைக்கு நான் ஆள் போடணும்ப்பா. வர்றியா, இல்லியா?"

நான் கண்ணைத் திறக்கவில்லை. அவர் சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

"வரேல்லை அண்ணை. மெல்லமாக் கதையுங்கோ. மனுசி நித்திரை. விடிய அவவுக்கு வேலை."