பாதிச் சாப்பாடு

மேஸ்திரியின் சவப்பெட்டியை மூடும் நேரத்தில், பெண்டாட்டியைவிடச் சத்தமாக எவளோ ஒருத்தி அழுதாள். மேஸ்திரியம்மாவுக்கு வந்த அழுகை அப்படியே நின்றுவிட்டது.

யாரடி அவள் என்று மகளிடம் கேட்டாள். அப்பா மேஸ்திரியாக இருந்த சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள், இந்த நாட்டுக்காரி என்றாள் மகள். மேஸ்திரியம்மா ஏற இறங்கப் பார்த்தாள். நரைத்த தலை, சூடுபட்டுத் தழும்பேறிய விரல்கள். அழகி ஒன்றுமில்லை. அதுதான் இன்னும் எரிந்தது. வீட்டில் வாயே திறக்காத மனுஷன் இவளோடு இவள் பாஷையில் என்னத்தைப் பேசிச் சிரித்தாரோ. இந்த நாட்டுக்கு வந்து மகளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. மேஸ்திரியம்மாவுக்கு இன்னும் இவர்கள் பாஷையில் நன்றி சொல்ல மட்டும்தான் தெரியும். கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவர்தான் வாய்.

எல்லாரும் கலைந்த பிறகு இஸ்திரிக்காரி வந்து ஒரு டப்பாவை நீட்டினாள். அவருடைய சாப்பாட்டு டப்பா. வேலையில் அவர் சரிந்து விழுந்த அன்று அங்கேயே தங்கிவிட்டது. அவள் மளமளவென்று சொன்னதை மகள் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னாள்.

"அப்பா தினமும் பாதிச் சாப்பாட்ட இவங்களுக்குக் குடுத்துட்டு, இவங்களோடதுல பாதி சாப்பிடுவாராம். சேர்ந்த புதுசுல அவர்கூட யாரும் உக்கார மாட்டாங்களாம். இவங்கதான் வந்து உக்காந்தாங்களாம். அப்பா விழுந்த அன்னிக்கு மட்டும் முழுசையும் இவங்களே சாப்பிட்டாங்களாம். கொட்ட மனசு வரலையாம்."

மேஸ்திரியம்மா நன்றி சொல்லவில்லை. தினமும் காலியாக வந்த டப்பாவைப் பார்த்துப் பார்த்துத் தான் பூரித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து திறந்தாள். உள்ளே இஸ்திரிக்காரி சமைத்து வைத்த கிழங்கு. உப்பில்லை, உறைப்பில்லை. இங்கே உப்பு கொஞ்சம் குறைந்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவர், இதை வாயை மூடிக்கொண்டு தின்றிருக்கிறார். ஆனாலும் மிச்சம் வைக்காமல் தின்றாள்.

மறுநாள் மகள் எழுந்து வந்தபோது அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"யாருக்கும்மா இவ்வளவு காரம்?"

"அவளுக்குத்தான். டப்பாவ நெரப்பிக் குடுத்திருக்கா, பதிலுக்கு ஒண்ணும் குடுக்காம இருக்க முடியுமா? அழறதா இருந்தா இதத் தின்னுட்டு அழட்டும்."

"குடு, நான் கொண்டுபோய்க் குடுத்துடறேன்."

"வேணாம். என்னை அங்க கொண்டுபோய் விடு, போதும்."

சோற்றை அமுக்கி வைத்து, மூடியை அழுத்தி, தினமும் அவருக்குக் கட்டுவது போலவே துணியில் வைத்து முடிந்தாள். பிறகு முடிச்சை அவிழ்த்து, உள்ளே இருந்த ஸ்பூனோடு இன்னொன்றையும் வைத்துக் கட்டினாள்.