சீங்கம்பாளையத்துக் கோடி

பிரீசர் பாக்ஸின் கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துவிட்டு அன்புச்செல்வி மறுபடியும் தெருமுனையைப் பார்த்தாள். ஒரு வண்டி திரும்பியது. கேஸ் சிலிண்டர்காரன். உள்ளே அவள் அம்மா ராசாத்தாள், நெற்றியில் ஒற்றை ரூபாயோடு, யார் வந்தாலும் சரி என்பதுபோலப் படுத்திருந்தாள்.

"அக்கா, மயானத்துல ஒரு மணிக்குன்னு சொல்லிப்போட்டேன். இன்னும் எத்தன நேரம் பாக்கறது?" தம்பி மோகன்குமார் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"பொறந்த ஊட்டுக் கோடி உழுகாம அம்மாவ எடுக்க உட மாட்டேன்டா."

ஒரு பெண்ணின் மேல் கடைசியாகப் போர்த்தும் புதுச்சேலை அவள் பிறந்த வீட்டிலிருந்து வரவேண்டும். ராசாத்தாளுக்குப் பிறந்த வீடே இல்லை. பவானிசாகர் அணைக்காகச் சீங்கம்பாளையத்தைக் காலி செய்த வருஷம் தாய் இறந்துபோனாள். அப்பா சென்னியப்பன் மகனோடு ஒரு பக்கம் போனார். ஐந்து வயது ராசாத்தாளை அத்தை கோயமுத்தூருக்குக் கூட்டி வந்தாள். மில் லைன் வீடுகளில் காலரா பரவியபோது அத்தையும் போய்ச் சேர்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் பிள்ளையை வளர்த்தார்கள். விவரம் தெரிந்து ஊரைத் தேடிப் போனபோது அங்கே தண்ணீர்தான் இருந்தது.

கல்யாணத்துக்கும் பிள்ளைகளின் காதுகுத்துக்கும் வளர்த்த அந்தக் குடும்பமே பிறந்த வீடாக நின்றது. அந்த வீட்டு மருமகள் ராமாமணி இன்றும் ஒரு சேலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு குறை சொல்ல முடியாத மனுஷி. ஆனால் ராசாத்தாள் ஒரே ஒருமுறை மகளிடம் சொல்லியிருந்தாள்.

"எல்லாத்துக்கும் எரவல் ஆளு நின்னாங்க கண்ணு. கோடி மட்டுமாச்சும் நெசமா வரோணும்."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அன்புச்செல்வி அலைந்தாள். கலெக்டர் ஆபீஸ் ரெக்கார்டு ரூம், பிறகு சென்னை ஆவணக் காப்பகம், திரும்ப ஈரோடு. தும்மித் தும்மி மூக்கு வீங்கியதுதான் மிச்சம் என்று மோகன்குமார் கேலி செய்தான். ஒருநாள் சிவப்புத் துணி மூட்டையை அவிழ்த்து ஒரு காகிதக் கட்டை அவள் முன்னால் வைத்தார்கள். சீங்கம்பாளையம் முழுவதும் அதில் இருந்தது. நஷ்டஈட்டுக்காக ஒவ்வொரு கிணற்றையும், ஒவ்வொரு வீட்டுக் கூரையையும், ஒவ்வொரு மரத்தையும் யாரோ நடந்து நடந்து எழுதியிருந்தார்கள். தண்ணீருக்கடியில் போன ஊர் காகிதத்தில் நனையாமல் கிடந்தது. சத்தமாக வாசிக்கப் பயந்து உதட்டுக்குள்ளேயே வாசித்தாள்.

வீட்டுக்கு வந்து, "சென்னியப்பன், புளியமரம் ஒன்று" என்று படித்துக் காட்டியபோது ராசாத்தாள் நகலை வாங்கி அந்த வரியை விரலால் தடவினாள். பிறகு, "அந்தப் புளி இனிக்குங் கண்ணு" என்றாள்.

சென்னியப்பனுக்குக் கொடுத்த மாற்று நிலம் கோபிப் பக்கம். அதன் சர்வே எண்ணைக் கம்ப்யூட்டரில் போட்டதும் இன்றைய பட்டாதாரர்களின் பெயர்கள் வரிவரியாக வந்தன. அந்த ஊர் வி.ஏ.ஓ. ஒரு போன் நம்பர் கொடுத்தார். எடுத்தவன் தீபக், சென்னியப்பனின் கொள்ளுப்பேரன். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அம்மாவின் பெயரை மறுபடியும் ஒருமுறை சொல்லச் சொன்னான். "பெரியவங்களக் கேட்டுச் சொல்றேனுங்க" என்று வைத்தவன்தான். அப்புறம் அழைத்தால் எடுப்பதே இல்லை.

"சர்வே நம்பரோட போனா வேற என்ன நெனப்பாங்க? பங்கு கேக்கறோம்னு பயந்துட்டாங்க" என்றான் மோகன்குமார். அவளுக்கும் அப்படித்தான் பட்டது. ராசாத்தாள் போனைப் பார்த்துக்கொண்டே இருந்து, நேற்று ராத்திரி போய்விட்டாள். அன்புச்செல்விக்கு அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. விடிந்ததும் தீபக்குக்குச் சாவுச் செய்தியை அனுப்பினாள். கூடவே, எங்களுக்கு நிலம் வேண்டாம், அம்மாவுக்கு ஒரு சேலை போதும் என்று.

வெயில் ஏறிவிட்டது. ராமாமணி மெல்ல எழுந்தாள். "கண்ணு, நானே போட்டறட்டுமா?"

அன்புச்செல்வி சரி என்று தலையாட்டினாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

இரண்டு வேன்கள் தெருவுக்குள் திரும்பி நின்றன.

இறங்கியவர்கள் ஒப்பாரி வைக்கவில்லை. கட்டிக்கொண்டு அழப்போன பெண்கள் கையை விரித்தபடி நின்றார்கள். வந்தவர்கள் வேனருகிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்தலையோடு நடந்து வந்தார்கள். சாவு வீட்டுக்குக் குளித்துவிட்டு வருகிறவர்கள் உண்டா என்று பந்தலில் முணுமுணுத்தார்கள். முன்னால் வந்தவளுக்கு அம்மாவின் மூக்கு. அடுத்தவளுக்கு அம்மாவின் நடை, இடது தோள் கொஞ்சம் இறங்கி. பட்டாவில் பார்த்த பெயர்கள் ஆளும் முகமுமாக வந்துகொண்டே இருந்தன.

தீபக்கின் தோளைப் பிடித்தபடி ஒரு கிழவர் வந்தார். வெள்ளியங்கிரி, ராசாத்தாளின் அண்ணன்.

"இவன் சொன்னப்பவே வந்திருக்கோணும் அம்மணி. பயந்துபோட்டோம்."

"நெலத்துக்கு நாங்க ஆசப்படலீங்க மாமா." மாமா என்ற சொல்லை உரியவரிடம் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

"நெலமா?" அவருக்குப் புரியவில்லை. "காலராவுல அத்தையும் புள்ளையும் போயிட்டாங்கன்னு சேதி வந்துதுங்க. கன்னியாப் போன புள்ளைன்னு அப்பன் ஒரு கல்ல நட்டாரு. எங்க ஊட்டுச் சாமியே இவதான். வருசா வருசம் ஆடியில புதுப் பாவாடை வெச்சுக் கும்பிடறோம். வெதைக்கறதுன்னாலும் கல்யாணம்னாலும் இவளக் கேட்டுத்தான். உசுரோட இருக்கறான்னு திடீர்னு சொன்னா... சாமி முன்னால போயி நின்னு என்னன்னு பேசறதுங்க?"

மோகன்குமார் குனிந்து தன் செருப்பைக் கழற்றினான். பிறந்த வீடு இல்லை என்றே வாழ்ந்து முடித்தவளுக்கு அங்கே விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. அன்புச்செல்வி அம்மாவைப் பார்த்தாள். இத்தனை நாள் கஞ்சி ஊற்றி, தலை வாரிவிட்ட அம்மாவை இப்போது நெருங்கித் தொடக் கொஞ்சம் அச்சமாக இருந்தது.

ராமாமணி தன் சேலையைப் பைக்குள் வைத்துவிட்டுக் கிழவருக்கு வழிவிட்டாள்.

கண்ணாடி மூடியைத் திறந்தார்கள். வெள்ளியங்கிரி மஞ்சள் பையிலிருந்து முதலில் எடுத்தது ஒரு சின்னஞ்சிறு பாவாடை. சிவப்புப் பட்டு. ஐந்து வயதுக் குழந்தைக்கானது. அதைத் தங்கையின் இடுப்பிலிருந்து கீழே விரித்து, மடிப்புகளை இரண்டு கையாலும் நீவிவிட்டார். அது முழங்காலுக்கே எட்டவில்லை.

அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வளந்துட்டாளே" என்றார் தீபக்கிடம். "அந்தச் சேலையக் குடு."