இருநூற்று நாற்பதாவது மீட்டரில் ஒரு சுவர்

சண்டை ஒரு மரப்பலகையில்தான் ஆரம்பித்தது. அவள் சாலை வடிவமைப்பு அலுவலகத்தில், சாலையைத் தாங்கும் மண்கரைகளையும் வளைவுகளையும் கணினியில் வரைபவள். அந்தக் கரைகளை மண்ணில் கொண்டுவரும், வாளியால் மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தை ஓட்டுபவன் அவள் கணவன். சலவை இயந்திரத்துக்கு மேலே ஒரு பலகை அடிக்கச் சொல்லி, சுவரில் பென்சிலால் கோடும் போட்டுக் கொடுத்தாள். அவன் ஒரு கண்ணை மூடிப் பார்த்து, கோட்டுக்கு ஒரு சாண் கீழே அடித்துவைத்தான். சலவை இயந்திரத்தின் மூடி பாதிக்கு மேல் திறக்கவில்லை.

"ஒரே ஒரு தடவையாவது சொன்னதைச் சொன்ன மாதிரி செய்ய மாட்டீங்களா?" என்றாள்.

அவன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே திரிந்தான்.

செவ்வாய்க்கிழமை அவள் ஒரு புறவழிச்சாலையின் கணினி மாதிரியை முடித்து, மண் வெட்டும் இயந்திரத்தின் திரைக்கு அனுப்பவேண்டியிருந்தது. கரையின் உயரம் ஐந்து மீட்டர். ஆரம்பத்தில் ஒரு கிடங்கின் மதில் நெருக்கிக்கொண்டு நின்றதால் அங்கே சரிவு கடுமை. ஒரு மீட்டர் இறங்கப் பக்கவாட்டில் இரண்டு மீட்டர்தான் கிடைத்தது. இருநூறாவது மீட்டரில் மதில் முடிந்ததும் இடம் தாராளம். அங்கே ஒரு மீட்டர் இறங்க நான்கு மீட்டர் எடுத்துக்கொள்ளலாம். இருநூற்று நாற்பதாவது மீட்டர்வரை முதல் சரிவு, அங்கிருந்து அடுத்தது என்று இரண்டு துண்டாகக் கொடுத்தாள். நடுவில் ஒன்று மற்றொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிற துண்டு ஒன்றையும் சேர்க்கவேண்டும். அது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் மணி ஐந்தாகியிருந்தது. வேலை நடக்கும் இடத்தில் தேய்த்துச் சரி பண்ணிக்கொள்வார்கள், வழக்கம்தானே என்று அனுப்பிவிட்டாள்.

வழக்கமாகத் தேய்த்துச் சரி பண்ணுகிற ஆள் யார் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு உறைக்கவில்லை.

அடுத்த வாரம் கரை வேலையை மேற்பார்வை பார்க்கும் அம்மாள் தொலைபேசியில் கூப்பிட்டார். கரை நன்றாக வந்திருக்கிறது, ஆனால் அதில் ஒரு சுவர் நிற்கிறது, வந்து பார்த்தால் தேவலை என்றார். தலைமைப் பொறியாளரும் வண்டியில் தொற்றிக்கொண்டார். போன மாதம்தான் வேலைக்கு வந்தவர். யார் யாருக்கு என்ன உறவு என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது.

சுவர் உண்மையாகவே நின்றது. கடுஞ்சரிவு முடிந்த இடத்தில் தாழ்ந்த சரிவு திடுமென்று வெளியே நீட்டிக்கொண்டிருக்க, இரண்டுக்கும் நடுவில் ஆளைவிட உயரமாக ஒரு முக்கோண மண்சுவர். அதன் முகத்தை அவள் கணவன் இயந்திர வாளியின் முதுகால் தட்டித் தட்டி வழவழவென்று ஆக்கியிருந்தான். அவ்வளவு சிரத்தை. இயந்திரத்தின் மேலே, ஒரு பாவமும் அறியாதவன்போல் உட்கார்ந்திருந்தான்.

தலைமைப் பொறியாளர் அவனைக் கீழே இறங்கச் சொன்னார்.

"ஏம்ப்பா, இதைப் பார்த்தா உனக்கே தப்பாத் தெரியலையா?"

"தெரிஞ்சுது சார். திரையில அப்படித்தான் இருந்துச்சு. ரெண்டு தடவை பார்த்துட்டுத்தான் செஞ்சேன்."

"திரை சொன்னா அப்படியே செஞ்சிடுவியா? வீட்டுல பொண்டாட்டி சொல்றதையும் இப்படித்தான் கேப்பியா?"

"இல்ல சார்," என்றான் அவன். "இதான் முதல் தடவை."

அவளுக்குக் காது சூடேறியது. கோபம் பொத்துக்கொண்டு வந்த அதே வழியில் சிரிப்பும் வந்துவிட்டது. அவனைத் திட்டு வாங்கவிட்டுப் பேசாமல் நின்றிருக்கலாம், மனசு கேட்கவில்லை.

"தப்பு என்னோடது சார். நடுத்துண்டை நான்தான் போடலை. அப்புறம், இவர் என் வீட்டுக்காரர்."

தலைமைப் பொறியாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மேற்பார்வை அம்மாள் வேறு திசையில் எதையோ அளக்கப் போய்விட்டார்.

வண்டியின் முன்பக்கத்தில் மடிக்கணினியை வைத்து அங்கேயே திருத்தினாள். இருநூற்று இருபதிலிருந்து இருநூற்று அறுபதுவரை ஒரு புதுத் துண்டு. பதற்றத்தில் எண்களை மாற்றிப் போட்டுவிட்டாள். நான்கில் தொடங்கி இரண்டில் முடிகிற மாதிரி. திரையில் ஒரு சுவர் இருந்த இடத்தில் இப்போது இரண்டு. தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த கணவன், இதையும் கட்டிடவா என்று மெதுவாகக் கேட்டான். அவள் முழங்கையால் ஒரு இடி கொடுத்தாள். எண்களைத் திருப்பிப் போட்டதும், கரை இரண்டிலிருந்து நான்குக்கு, தூங்குகிற ஆளின் மேல் போர்த்திய போர்வைபோல், சத்தமில்லாமல் சரிந்தது.

நீட்டிக்கொண்டிருந்த பக்கத்தை வெட்டி உள்ளே அடங்கியிருந்த பக்கத்தில் போட்டான். சாயங்காலத்துக்குள் சுவர் இருந்த இடம் தெரியவில்லை.

தலைமைப் பொறியாளர் அத்தோடு விடவில்லை. இனி எந்தக் கணினி மாதிரியும் இயந்திரத்துக்குப் போகும் முன்னால், அதை ஓட்டுகிறவர் அலுவலகத்துக்கு வந்து பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும் என்று உத்தரவு போட்டார். இப்போது வியாழக்கிழமைதோறும் அவன் தலைவாரி, சட்டையைத் தேய்த்து மாட்டிக்கொண்டு அவள் மேசைக்கு எதிரில் வந்து உட்காருகிறான். போன வாரம் பதினேழு குறை சொன்னான். அவற்றில் மூன்று நியாயமானவை. அந்த மூன்றில் ஒன்று, நாற்காலி வசதியாக இல்லை என்பது.